ஒரு பென்சில் கூட்டத்துக்குள் நுழைவது எப்படி? ஆல்ஃபிரட் வோட் வரைந்த 'மஸ்டர்ட் அவுட்' ஓவியத்தைப் படிக்கவும், அதே முறையில் வரையவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிற பழைய பென்சில் ஓவியம் ஒன்றைக் கையில் கொடுத்தால் நாம் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். முழுசாக ஒருமுறை கண்ணை ஓட்டுகிறோம், "எவ்வளவு பேரை வரைஞ்சிருக்கார்!" என்று வியக்கிறோம், அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் கூட்டத்தை வரைகிறவருக்கு எல்லோரையும் ஒரே மாதிரி வரைய நேரமும் கிடையாது, தேவையும் கிடையாது. யாரை முதலில் பிடித்தார், யாரை நாலு கோட்டில் முடித்தார், எங்கே பென்சிலை அழுத்தினார், எங்கே தாளை அப்படியே விட்டுவிட்டார் என்று அந்தக் கை நகர்ந்த வரிசையைக் கண்டுபிடித்துவிட்டால் படம் தானாகத் திறந்துகொள்ளும். அதே வரிசையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் ஒரு கூட்டத்தை வரைய முடியும். இந்த வழிகாட்டி அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

எடுத்துக்கொண்டிருக்கும் படம் பத்திரிகை ஓவியர் ஆல்ஃபிரட் வோட் 1866இல் வரைந்தது. 'மஸ்டர்ட் அவுட்' என்றால் படைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த மறு வருஷம், ஆர்கன்ஸா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில், படைப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினச் சிப்பாய்கள் தங்கள் குடும்பத்தாரைச் சந்திக்கும் காட்சி. சீருடை போட்ட ஆண்கள், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பெண்கள், நடுவில் குழந்தைகள். பச்சை நிறத் தாளில் பென்சில், அதன்மேல் அங்கங்கே வெள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கோட்டோவியங்களில் இதைவிட மனசுக்கு நெருக்கமான கூட்டக் காட்சியை நான் பார்த்ததில்லை, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படி: சரியான கோப்பை எடுங்கள்

இந்த ஓவியம் வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது. 1919இல் ஜே. பி. மார்கன் அன்பளிப்பாகக் கொடுத்த போர்க்கால ஓவியத் தொகுப்பு மூலமாக வோட் வரைந்த ஏராளமான படங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவர்கள் வலைத்தளத்தில் அச்சுகள், புகைப்படங்கள் பிரிவில் ஓவியரின் பெயரையும் 'மஸ்டர்ட் அவுட்' என்ற தலைப்பையும் லிட்டில் ராக் என்ற ஊர்ப் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். தேடலில் முதலில் வரும் சின்னப் படத்தைச் சேமித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தால் பாதி விஷயம் கண்ணுக்கே தெரியாது. பதிவிறக்கப் பட்டியலில் பல அளவுகள் இருக்கும், அதில் பெரிய டிஃப் (TIFF) கோப்பை எடுங்கள். அது கனமான கோப்பு, போனில் திறக்கத் திணறலாம், கணினியில் திறப்பதுதான் நல்லது. பெரிதாக்கும்போது தாளின் நாரும் பென்சில் துகள் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் விதமும் தெரிய வேண்டும், அந்த அளவு இருந்தால் போதும். கூடவே அதே காட்சி பத்திரிகையில் அச்சான மரச்செதுக்குப் படத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற நியூயார்க் வாரப் பத்திரிகை, 1866 மே 19 இதழ். பிற்பாடு தேவைப்படும்.

இரண்டாம் படி: படத்தைச் சின்னதாக்குங்கள்

பெரிய கோப்பை எடுக்கச் சொல்லிவிட்டு உடனே சின்னதாக்கச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. திரையில் தீப்பெட்டி அளவுக்குப் படத்தைக் குறுக்கிவிட்டு, கண்ணை லேசாக இடுக்கிப் பாருங்கள். முகங்கள் மறைந்துவிடும், சீருடைப் பொத்தான்கள் மறைந்துவிடும், மிஞ்சுவது இருட்டான திட்டுகளும் வெளிச்சமான திட்டுகளும் மட்டும்தான். கூட்டத்தை வரையத் தெரிந்தவர் முதலில் தீர்மானிப்பது அந்தத் திட்டுகளைத்தான். எத்தனை திட்டு இருக்கிறது, எது பெரியது, எங்கே இரண்டு திட்டுக்கு நடுவே இடைவெளி விழுகிறது என்று ஒரு தாளில் பெருவிரல் அளவில் கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வடிவங்களுக்கு மேல் போகாது. போனால் இன்னும் கண்ணை இடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாம் படி: தாளையும் வெள்ளையையும் பாருங்கள்

நம்மில் பலருக்குப் பென்சில் ஓவியம் என்றாலே வெள்ளைத் தாள்தான். வோட் அடிக்கடி பயன்படுத்தியது பழுப்பு, பச்சை மாதிரி நிறமூட்டிய தாள்கள். இதில் பெரிய வசதி இருக்கிறது. நடுத்தர வெளிச்சத்தைத் தாளே கொடுத்துவிடுகிறது. நிழலுக்குப் பென்சில், பளிச்சென்ற இடத்துக்கு வெள்ளை, மீதி எல்லாம் தாள் பார்த்துக்கொள்ளும். வேகமாக நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு காட்சியின் முன்னால் நின்றுகொண்டு வரைகிறவருக்கு இது வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அந்த வெள்ளைக்குச் சைனீஸ் ஒயிட் என்று பேர். துத்தநாக ஆக்ஸைடில் செய்த நீர்வண்ணம், லண்டனின் வின்சர் அண்டு நியூட்டன் கம்பெனி 1834இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன்பு ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை காலப்போக்கில் கறுத்துவிடும், இது கறுக்காது. 160 வருஷம் கழித்தும் வோட் வைத்த வெள்ளை வெள்ளையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது பெரிய கோப்பைத் திறந்து, வெள்ளை வைத்த இடங்களை மட்டும் தேடுங்கள், வேறு எதையும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி: இது துணியில் விழுந்த வெயிலா, ஆகாயமா, அல்லது "இங்கே பார்" என்று நம்மைக் கூப்பிடும் இடமா? ஒரே வெள்ளை பல வேலை செய்யும். ஓவியர் நம் கண்ணை எந்த வழியாக நடத்திக்கொண்டு போகிறார் என்பதற்கு இதைவிட நேரான தடயம் கிடையாது, ஏனென்றால் வெள்ளையைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார்கள், பென்சில் வேலை முடிந்து எது முக்கியம் என்று முடிவான பிறகு.

நான்காம் படி: பென்சிலின் அழுத்தத்தைப் பின்தொடருங்கள்

இது சுருக்கமான படிதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. முன்வரிசை ஆட்களின் கோடு அழுத்தமாகவும் தடிப்பாகவும், நடுவரிசை கொஞ்சம் இளைத்தும், பின்னால் இருப்பவர்கள் வெறும் சாம்பல் நிறக் கீறலாகவும் இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். எங்கே ஒரு முகத்துக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்கிறது, எங்கே அது வெறும் முட்டை வடிவமாக முடிந்துவிடுகிறது? அந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்தால், ஓவியர் எத்தனை பேரைத் தனித்தனி ஆளாக நமக்கு அறிமுகப்படுத்த விரும்பினார் என்பதும் தெரிந்துவிடும். மற்றவர்கள் கூட்டத்தின் எடையைத் தாங்குகிறவர்கள்.

ஐந்தாம் படி: தலைகளின்மேல் ஒரு ஸ்கேலை வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சமதளமான தரையில் நீங்கள் நின்றுகொண்டு, உங்களுக்கு எதிரே கிட்டேயும் தூரத்திலுமாகப் பெரியவர்கள் பலர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அவர்கள் உயரமும் உங்கள் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் பத்தடி தூரத்தில் இருப்பவர் கண்ணும், ஐம்பதடியில் இருப்பவர் கண்ணும், இருநூறடியில் இருப்பவர் கண்ணும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே கிடைக்கோட்டில்தான் வரும். மாறுவது பாதங்கள்தான். கிட்டே இருப்பவரின் பாதம் படத்தின் அடியில் இருக்கும், தூரம் போகப் போகப் பாதம் மேலே ஏறிக்கொண்டே வந்து தலைக்கோட்டை நெருங்கும். இதைத்தான் ஓவியப் பள்ளிகளில் ஐ லெவல், அதாவது கண்மட்டம் என்று சொல்லித் தருகிறார்கள். புதிதாகக் கூட்டம் வரைகிறவர்கள் தூரத்து ஆட்களைச் சின்னதாக்கிவிட்டு, அவர்களுடைய தலையையும் கீழே இறக்கிவிடுவார்கள். பார்த்தால் பின்வரிசை முழுக்கக் குழந்தைகள் மாதிரி, அல்லது எல்லோரும் பள்ளத்தில் நிற்கிற மாதிரி இருக்கும்.

படத்தை ஏ4 தாளில் அச்செடுத்துக்கொண்டு, நிற்கிற பெரியவர்களின் கண்கள் வழியாக ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எந்தத் தலை கோட்டுக்கு மேலே துருத்துகிறது, எது கீழே போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கீழே போனால் அது குழந்தையா, குனிந்தவரா, உட்கார்ந்தவரா? மேலே இருந்தால் படியிலோ திண்ணையிலோ நிற்கிறாரா? ஒருவேளை கோடு ஆட்களின் மார்புக்கு நேராகப் போகிறது என்றால் ஓவியர் உட்கார்ந்த உயரத்திலிருந்து பார்க்கிறார் என்று பொருள், அப்போது கிட்டே இருப்பவர்களின் தலை மற்றவர்களைவிட உயர்ந்து நிற்கும். எல்லோருடைய தலையும் கோட்டுக்குக் கீழே இருந்தால் அவர் மாடியிலோ மேட்டிலோ நின்று பார்க்கிறார். ஒரு ஸ்கேலை வைத்தால் வரைந்தவருடைய கண் எந்த உயரத்தில் இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. 1866இல் அந்த இடத்தில் நாமே போய் நிற்பதற்கு இதைவிடக் கிட்டத்து வழி இல்லை.

ஆறாம் படி: ஒட்டிக்கொண்ட உருவங்களைப் பிரிக்காமல் பாருங்கள்

இந்தக் காட்சியின் உயிர் கட்டிப்பிடித்தலில் இருக்கிறது. கட்டிப்பிடிக்கும் இருவரை வரைவது எல்லா ஓவியருக்கும் சிரமம். ஒவ்வொருவராக முழுசாக வரைந்துவிட்டுப் பிறகு ஒட்டினால் இரண்டு மரக்கட்டைகளைச் சாய்த்து வைத்த மாதிரி விறைப்பாக வரும். அனுபவப்பட்ட கை இருவருக்கும் சேர்த்து ஒரே வெளிக்கோடு போடும். ஒருவரின் தோளில் ஆரம்பித்த கோடு மற்றவரின் முதுகில் இறங்கி, பாவாடையின் மடிப்பில் போய் முடியும். நடுவில் எது யாருடைய கை என்பதற்கு இரண்டு மூன்று கோடு போதும்.

பெரிதாக்கி, ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, கோடு எங்கே ஆரம்பித்து எங்கே பென்சில் தூக்கப்பட்டிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். அப்புறம் மூன்று இடங்களை உற்றுப் பாருங்கள். ஒன்று, முதுகில் பதிந்திருக்கும் கை: விரல்கள் விரிந்திருக்கின்றனவா, துணியைப் பிடித்திருக்கின்றனவா? இரண்டு, பாதம்: ஓடிவந்து மோதியவரின் எடை முன்னங்காலில் இருக்கும், நின்ற இடத்தில் ஏந்திக்கொண்டவரின் எடை பின்னங்காலில் இருக்கும், யார் ஓடி வந்தார் என்பதைப் பாதமே சொல்லிவிடும். மூன்று, துப்பாக்கி. கைகள் ஆளைப் பிடிக்கப் போய்விட்டால் துப்பாக்கி எங்கே போகும்? தோளிலா, கையிடுக்கிலா, தரையிலா? அணிவகுத்து நிற்கும்போது நேராக நிற்கிற துப்பாக்கிகள் இங்கே எந்தக் கோணத்தில் சாய்கின்றன என்று பாருங்கள். படை கலைந்து குடும்பமாக மாறுகிற நேரம் அந்தக் கோணங்களில் இருக்கிறது.

ஏழாம் படி: யார் இவர்கள் என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள்

இதுவரை கண் வேலை. வரலாறு தெரியாமல் இதற்கு மேல் போக முடியாது. ஆனால் இதை முதல் படியாக வைக்கவில்லை, கதையை முதலில் படித்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

போர் முடியும்போது, தெற்கு மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குத் தரப்புப் படையில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் பணியாற்றியிருந்தார்கள். அவர்களுக்கான தனி நிர்வாகப் பிரிவு 1863 மே மாதம்தான் ஏற்பட்டது. சம்பளம் ஆரம்பத்தில் மாதம் 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்துக்கொள்வார்கள். அதே வேலை செய்த வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர். 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்ட பிறகுதான் இது சமமானது. பின்னால் சேர்க்கப்பட்டவர்கள் என்பதால் இந்தப் படைப்பிரிவுகள் பலவும் போர் முடிந்த பிறகும் தெற்கு மாநிலங்களில் காவல் பணியில் வைக்கப்பட்டன. 1865 ஏப்ரலில் தெற்குத் தரப்புத் தளபதி லீ சரணடைந்தார், இந்தச் சிப்பாய்கள் வீடு திரும்புவது 1866இல்.

வீடு என்று சொல்லும்போது இன்னொன்றும் இருக்கிறது. அடிமைகளாக இருந்தவர்களின் திருமணத்தைத் தெற்கு மாநிலச் சட்டங்கள் ஏற்கவே இல்லை. கணவனை ஒரு ஊருக்கும் மனைவியை இன்னொரு ஊருக்கும், பிள்ளையை மூன்றாவது ஊருக்கும் விற்க முடிந்த காலம் அது. 1865 டிசம்பரில்தான் பதின்மூன்றாவது சட்டத்திருத்தம் நாடு முழுக்க அடிமைமுறையை ஒழித்தது. அதற்கு ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், ஒரு மனிதன் நடுத்தெருவில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தன் மனைவியைக் கட்டிக்கொள்கிறான், இனி அவளை யாரும் விற்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆறாம் படியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஜோடியிடம் திரும்பிப் போங்கள்.

அதே ஹார்ப்பர்ஸ் வீக்லியின் அடுத்த வார இதழையும், அதாவது 1866 மே 26 தேதியிட்டதையும் பாருங்கள். அதில் வோட் வரைந்த இன்னொரு கூட்டம் வந்தது. மே மாத முதல் மூன்று நாட்கள் மெம்ஃபிஸ் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்கள்மீது நடத்திய வன்முறை. 46 கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் பள்ளிகளும் தேவாலயங்களும் எரிக்கப்பட்டன. படைப் பணியிலிருந்து அப்போதுதான் விடுவிக்கப்பட்டிருந்த சிப்பாய்கள் அந்தக் கும்பலின் முக்கியக் குறியாக இருந்தார்கள். ஒரு வார இடைவெளியில் ஒரே ஓவியரின் கையிலிருந்து வந்த இரண்டு படங்கள் இவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் லிட்டில் ராக் படத்தின் மகிழ்ச்சியை முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டாம் படி: வரைந்தவரையும் அவருடைய வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்ஃபிரட் ருடால்ஃப் வோட் 1828இல் லண்டனில் பிறந்தார். அங்கே நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை வரைந்தவர், 1850இல் அமெரிக்கா வந்தார். போர் தொடங்கியபோது நியூயார்க் இல்லஸ்ட்ரேடட் நியூஸ் பத்திரிகைக்கு வரைந்தார், பிறகு ஹார்ப்பர்ஸ் வீக்லிக்கு. 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பாறைமேல் உட்கார்ந்து, பெரிய பூட்ஸும் தொப்பியுமாக, மடியில் ஓவியத் தாளுடன் அவர் இருக்கும் புகைப்படம் ஒன்றைத் திமோத்தி ஓ'சலிவன் எடுத்திருக்கிறார், தேடிப் பாருங்கள். 1891இல் ஜார்ஜியா மாநிலத்து மரியட்டாவில், பழைய போர்க்களங்களைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் இறந்தார்.

கேமரா இருந்த காலத்தில் எதற்கு ஓவியர்? அன்றைய கேமராவில் கண்ணாடித் தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவ வேண்டும், சில நொடிகளாவது ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும். ஓடிவந்து கட்டிக்கொள்ளும் கூட்டம் அதில் வெறும் புகையாகத்தான் விழும். இன்னொன்று, புகைப்படத்தை அப்படியே எழுத்துகளோடு சேர்த்துப் பத்திரிகையில் அச்சடிக்கும் தொழில்நுட்பம் அப்போது கிடையாது. நியூயார்க்கின் டெய்லி கிராஃபிக் நாளிதழ் அதைச் செய்து காட்டியது 1880இல். அதுவரைக்கும் அசையும் கூட்டத்தை ஜனங்களிடம் கொண்டுபோக இருந்த வழி பென்சிலும் மரக்கட்டையும்தான்.

ஒன்பதாம் படி: அச்சான படத்தோடு ஒப்பிடுங்கள்

வோட் வரைந்த தாள் வாசகருக்காக வரைந்தது இல்லை, நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் செதுக்குநருக்காக வரைந்தது. அதனால்தான் அவருடைய பல ஓவியங்களில் ஓரத்தில் குறிப்புகள் எழுதியிருக்கும்: இது எந்தப் படைப்பிரிவு, இது என்ன இடம், இங்கே என்ன நிறம். ஒரு குதிரையையோ ஒரு பீரங்கி வண்டியையோ நுணுக்கமாக வரைந்துவிட்டு மற்றவற்றை வெறும் கோடாக விட்டுவிடுவார். மீதியை இதே மாதிரி நிரப்பிக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். நாம் "முடிக்காமல் விட்டுவிட்டார்" என்று நினைக்கிற இடங்களில் பாதி இப்படிப்பட்டவை.

தாள் நியூயார்க்குக்கு வந்ததும் அங்கே ஓர் ஓவியர் அதைப் பாக்ஸ்வுட் மரக்கட்டையின்மேல் இடவலம் மாற்றித் திரும்ப வரைவார். பாக்ஸ்வுட் சின்ன மரம், பெரிய பலகை கிடைக்காது. ஆகவே பல சின்னக் கட்டைகளைப் பின்பக்கம் திருகாணி போட்டு முடுக்கி ஒரே பலகையாக்கி வைத்திருப்பார்கள். வரைந்த பிறகு திருகாணியைக் கழற்றி ஒவ்வொரு கட்டையையும் ஒவ்வொரு செதுக்குநரிடம் கொடுப்பார்கள். ஒருவர் ஒரு சிப்பாயின் தோள்வரை செதுக்குவார், அந்தத் தோளின் மறுபாதி அடுத்த மேஜையில் இன்னொருவர் கையில் இருக்கும். ராத்திரி பகலாக வேலை செய்து முடித்ததும் மறுபடி சேர்த்து முடுக்கி, மூத்த செதுக்குநர் ஒருவர் கட்டைகள் சேரும் இடங்களில் கோடுகள் விட்டுப்போகாமல் இணைத்துவிடுவார். சில சமயம் இணைப்பு முழுசாகப் பொருந்தாது. அச்சில் படத்தின் குறுக்கே முடி மாதிரி மெல்லிய வெள்ளைக்கோடு நேராக ஓடும். அந்தக் காலத்துப் பெரிய பத்திரிகைப் படங்கள் எதையும் பெரிதாக்கி அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள், கண்ணில் பட்டுவிட்டால் ஒரே படத்துக்குள் எத்தனை பேர் கை இருக்கிறது என்பதை நேரடியாகவே பார்க்கிறீர்கள்.

இப்போது மே 19 அச்சையும் பென்சில் ஓவியத்தையும் திரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். முகங்களில் ஆரம்பியுங்கள். அன்றைய பத்திரிகைகளில் கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரமாக வரைவது சர்வசாதாரணமாக இருந்தது. வோட் பென்சிலில் ஒவ்வொருவரையும் தனி மனிதராகவே பார்த்திருக்கிறார். அச்சில் அந்தத் தனித்தன்மை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கே எல்லா முகமும் ஒன்றுபோல ஆகிவிட்டது என்று நீங்களே பார்த்து முடிவுக்கு வாருங்கள். அடுத்து, பென்சிலில் மங்கலாக விட்ட பின்வரிசையைச் செதுக்குநர் என்ன செய்தார்? வெள்ளை வைத்த இடங்களை வெறும் கறுப்புக் கோட்டால் எப்படிக் காட்டினார்? பென்சில் கோடு நடுங்கிய இடத்தில் செதுக்கிய கோடு நேராகிவிட்டதா? ஒரு மணி நேரம் தாராளமாக ஓடிவிடும் இதில்.

பத்தாம் படி: நீங்கள் வரையுங்கள்

சாமான்கள் அதிகம் வேண்டாம். நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பர் போதும், வழவழப்பு இல்லாத பக்கத்தை எடுங்கள், பென்சில் அதில்தான் பிடிக்கும். தூரத்து ஆட்களுக்குச் சாதாரண எச்பி பென்சில், முன்வரிசைக்கு அதைவிட மிருதுவாகவும் கறுப்பாகவும் விழும் 4பி. வெள்ளைக்குப் போஸ்டர் கலரும் மெல்லிய பிரஷும், அல்லது வெள்ளைப் பென்சில். ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கூட்டத்தில் அழித்துக்கொண்டிருந்தால் ஆள் நகர்ந்துவிடுவார்.

இடம்: ஜனங்கள் வந்து சேர்கிற இடமாகப் பாருங்கள். விமான நிலையத்தின் வருகைப் பக்கம், ரயில் வந்து நிற்கும் பிளாட்ஃபாரம். ஒரே மாதிரிச் செயல் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதுதான் அங்கே உள்ள சௌகரியம். ஒரு ஜோடி நகர்ந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம், அடுத்த நிமிஷமே இன்னொருவர் அதே மாதிரி ஓடிவந்து கட்டிக்கொள்வார், பாதி வரைந்த உருவத்தை அவரை வைத்து முடித்துவிடலாம். களத்தில் இருந்த ஓவியர்கள் செய்ததும் இதுதான், அந்த இடத்திலேயே ஓடுகிற கோடுகளைப் பிடித்துக்கொண்டு மீதியை ஞாபகத்திலிருந்து பிற்பாடு உட்கார்ந்து முடிப்பார்கள். யாராவது பார்த்துச் சங்கடப்பட்டால் தாளைக் காட்டுங்கள், பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள். குழந்தைகளை உற்றுப் பார்த்து வரைவதென்றால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

உட்கார்ந்ததும் தாளின் குறுக்கே கண்மட்டக் கோட்டை லேசாகப் போடுங்கள், அதுதான் முதல் கோடு. நின்று வரைந்தால் எல்லாத் தலையும் அதன்மேல் தொங்கும், உட்கார்ந்து வரைந்தால் மார்பு அந்தக் கோட்டில் வரும். அடுத்து ஐந்தாறு பெரிய திட்டுகளை 4பி பென்சிலைப் படுக்க வைத்து லேசாகத் தேய்த்து இடம் பிடியுங்கள். பிறகு ஒரே ஒரு ஜோடி. முழுக் கவனமும் அவர்களுக்குத்தான், இருவருக்கும் சேர்த்து ஒரே வெளிக்கோடு, அப்புறம் கை, அப்புறம் பாதம், முகம் கடைசியில். அவர்களுக்கு இரண்டு பக்கமும் மூன்று நான்கு பேரை அரைகுறையாகச் சேருங்கள், ஒருவரை ஒருவர் மறைக்கிற மாதிரி. எங்கும் மறைப்பு இல்லாமல் எல்லோரும் தனித்தனியாக நின்றால் அது கூட்டமாக வராது. பின்வரிசைக்கு எச்பியில் முட்டையும் தோள்வளைவும் போதும், பாதங்களை வரையவே வேண்டாம்.

பாதங்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. முன்வரிசையில் ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் ஒரு சின்ன அழுத்தமான நிழல் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஆட்கள் மிதப்பார்கள், இருந்தால் தரை தானாக வந்துவிடும், தரையை வரையவே தேவையில்லை.

வெள்ளையைக் கடைசியில் எடுங்கள். மூன்று இடத்துக்கு மேல் வைக்காதீர்கள், அதில் ஒன்று கட்டாயம் அந்த ஜோடியின்மேல் இருக்கட்டும். ஓரத்தில் இடம், தேதி, நேரம், வெயில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, முக்கியமான உடைகளின் நிறம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கி வரையும்போது செதுக்குநரின் இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

லிட்டில் ராக் படத்தை முடித்தவர்களுக்கு அடுத்ததாக நான் சொல்வது வோட் 1864 மே மாதம் வில்டர்னெஸ் போரில் வரைந்த படம், எரியும் காட்டிலிருந்து காயம்பட்டவர்கள் தப்பி வருவது. அச்சில் வந்தது ஹார்ப்பர்ஸ் வீக்லியின் 1864 ஜூன் 4 இதழில். பழுப்புத் தாள், அதே பென்சில், அதே வெள்ளை, ஆனால் இங்கே வெள்ளை செய்கிற வேலையே வேறு, அது நெருப்பாகவும் புகையாகவும் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. அதிலும் மூன்றாம் படியிலிருந்தே ஆரம்பியுங்கள்.